ஷட்டர் நடுவில் ஒருமுறை நின்றது

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து பதினெட்டு பீப்பாய்க்கு மாதிரி எடுத்து இனிப்பு அளவு பார்த்தேன். மூன்றில் புளிப்பு தூக்கல். போன வாரம் வந்த ஆப்பிளில் பாதி அடிபட்ட பழம் என்று அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள்? "கலந்துட்டா தெரியாதும்மா" என்கிறார் மேலாளர். பதினொரு வருடமாக இந்தப் பழச்சாறு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியும்.

மத்தியானம் மீசையோடு சண்டை. பீப்பாய் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர். மீசை கிடையாது, எப்போதோ இருந்ததாம், அதை எடுத்த பிறகும் பேர் போகவில்லை. பிழிந்து மிஞ்சின சக்கையை லாரியில் ஏற்ற வேண்டும். அவர் அலுப்புப்பட்டுக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் வேலியோரம் கொட்டிவிடுகிறார். வேலிக்கு அந்தப் பக்கம் காடு. நாற்றம் ஒரு பக்கம், ஈ ஒரு பக்கம். மேலாளரிடம் சொன்னேன். அவர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார் போல. மீசை நேராக என் கூடத்துக்கு வந்து, "டெஸ்ட் பண்ண வேற எதுவும் கிடைக்கலையா மேடம்? நான்தான் கிடைச்சேனா?" என்றார். "நாறுதுன்னு சொல்ல டெஸ்ட் எதுக்கு?" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

மகள் கணக்கில் மார்க் குறைவாக வாங்கி, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கி, இரண்டு பேருமாக என்னிடம் மறைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு காகிதம் நகராது என்பது இன்னும் புரியவில்லை இவர்களுக்கு.

அக்டோபர் 8, புதன்

உயிரோடு இருக்கிறேன். இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

அக்டோபர் 9, வியாழன்

கை கொஞ்சம் நிதானத்துக்கு வந்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், அவர்கள் சொல்லிச் சொல்லி என்னுடையதும் மாறிவிடும்.

நேற்று காலை பத்தரை மணி இருக்கும். பழக்கூழ்க் கிடங்கில் மூன்றாவது வரிசையில் ஒரு பீப்பாயின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நீளக் கரண்டியால் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான். உள்ளே குளிரூட்டும் விசிறி போடுகிற சத்தத்தில் வெளியே என்ன கத்தினாலும் கேட்காது. வாசல் பக்கம் நிழல் விழுந்தது. ஃபோர்க்லிஃப்ட் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கரடி.

ஓடவில்லை, வீராவேசமாக எதுவும் செய்யவுமில்லை. பக்கத்து இரும்பு அடுக்கில் ஏறினேன். எப்படி ஏறினேன்? தெரியாது. முழங்கால் இரண்டும் கிழிந்திருப்பதை அப்புறம்தான் பார்த்தேன். மேல் வரிசைப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். கரடி என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு, நான் திறந்து வைத்திருந்த பீப்பாய்க்குள் தலையை விட்டது. அவ்வளவுதான். நான் ஒரு பொருட்டே இல்லை அதற்கு. சளப் சளப்பென்று தின்றது. ஈரச் சாக்கு நாற்றம். தலையை வெளியே எடுத்தபோது மூக்கு வரைக்கும் கூழ். இது தின்றுவிட்டு வந்த வழியே போய்விடும் என்று நிஜமாகவே தோன்றியது. போயிருக்கும்.

அப்போது ஷட்டர் இறங்க ஆரம்பித்தது.

கத்தினேன். "உள்ள இருக்கேன்! நான் உள்ள இருக்கேன்!" கரடி திரும்பியது. ஷட்டர் பாதி இறங்கி நின்றது. சட்டென்று நின்றது, நன்றாக நினைவிருக்கிறது. வெளிச்சம் இடுப்பு உயரத்துக்குத் தெரிந்தது. யாரோ கேட்டுவிட்டார்கள், தப்பித்தேன் என்று நினைத்தேன். கரடி அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஓடியது. ஷட்டர் மறுபடியும் இறங்கியது. முழுசாக.

அதுவரைக்கும் தின்றுகொண்டிருந்த மிருகம், அதற்கப்புறம் வேறு மிருகம். ஷட்டரை அறைந்தது. பீப்பாய்களை உருட்டியது. நான் இருந்த அடுக்கில் முன்கால்களைத் தூக்கி வைத்து எழுந்து நின்றது. அதன் மூச்சு என் பாதத்தில் பட்டது. பல்லை டக் டக்கென்று தட்டியது. கோபத்தில் இல்லை, பயத்தில் என்று எனக்குப் பட்டது. அதனால் எனக்குப் பயம் குறையவில்லை.

பதினொரு நிமிடம் என்கிறார்கள். அப்புறம் பின்பக்கம் பெரிய சத்தம். இரும்புக் கதவு திறந்து வெளிச்சம் வந்தது. கரடி அந்தப் பக்கம் பாய்ந்து போய்விட்டது. நான் இறங்கவில்லை. முன்பக்க ஷட்டரைத் தூக்கியதும் முதலில் உள்ளே ஓடிவந்தது கொழுந்தன், என் வீட்டுக்காரரின் தம்பி. இதே ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறான். "அண்ணி, அண்ணி" என்று அழுதுகொண்டே என்னை இறக்கினான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

"கொழுந்தன்னா இப்படி இருக்கணும்" என்று பாட்டில் கழுவுகிற பெண்கள் எல்லாம் சொன்னார்களாம்.

அக்டோபர் 11, சனி

டாக்டர் முழங்காலுக்கு மருந்து போட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு நல்ல நேரம்" என்றார். எல்லோரும் இதையே சொல்கிறார்கள். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாதவள் எதற்கு ஃப்ரிட்ஜ் உறுமும்போதெல்லாம் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்குகிறாள்? இவர் கறுப்புக் கம்பளிச் சட்டையைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். பார்த்துவிட்டு அலறினேன். மகள் ஓடிவந்து அதை எடுத்து அலமாரிக்குள் திணித்தாள். பதின்மூன்று வயசுப் பெண் வீட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கிறாள், எனக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம்.

ஆனால் நான் யோசிப்பது கரடியைப் பற்றி அல்ல.

ஷட்டர் ஏன் நடுவில் நின்றது?

அக்டோபர் 13, திங்கள்

வேலைக்குப் போனேன். கிடங்குப் பக்கம் போகவில்லை. மேலாளர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "ஷட்டர் பழசும்மா, தானா இறங்கியிருக்கும். பெரிசு பண்ண வேண்டாம்" என்றார். கரடி வந்த ஆலைப் பழச்சாறு என்று வெளியே பேச்சு வந்துவிடக் கூடாது, அவர் கவலை அவருக்கு.

நேராக எலக்ட்ரீஷியனிடம் போனேன். ஏணியில் நின்றுகொண்டே சொன்னார்: "தானா இறங்குமா? பொத்தானை அமுக்கிப் பிடிச்சிட்டே இருந்தாதான் மேடம் இறங்கும். கையை எடுத்தா நின்னுடும். யாரும் நடுவுல மாட்டிக்கக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்கு."

"முழுசா இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது, இருபத்திரண்டு செகண்டு."

அப்படியானால் கரடியை உள்ளே அடைக்க யாரோ ஒருத்தர் வெளியே நின்று அழுத்தியிருக்கிறார். நான் கத்தியதும் கையை எடுத்திருக்கிறார். அப்புறம், உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்து, மறுபடியும் அழுத்தியிருக்கிறார்.

ஒவ்வொருவரிடமும் கேட்டேன், சாதாரணமாகப் பேசுகிற மாதிரி. கரடியைப் பார்த்ததும் எல்லோரும் அலுவலகக் கட்டடத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். கொழுந்தன் தன் அறையில் இருந்து வனத்துறைக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தானாம். எங்கே இருந்தேன் என்று சொல்லாத ஒரே ஆள் மீசை. "அங்கதான் எங்கயோ இருந்தேன்" என்றார். அங்கதான் என்றால் எங்கே? "இருந்தேன் மேடம், விடுங்க." கண்ணைப் பார்க்கவில்லை.

ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் அவர் வண்டி எப்போதும் நிற்கும். கரடி வந்ததற்கு இரண்டு நாள் முன்னால்தான் எங்களுக்குள் சண்டை.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். மீசை பேரைப் போட்டு, காரணத்தையும் போட்டு. நேற்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்த இவரிடம் படித்துப் பார்க்கச் சொன்னேன். நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிற ஆள், கண் எதையும் விடாது. ரொம்ப நேரம் படித்தார். "நிச்சயமாத் தெரியுமா உனக்கு?" என்றார். "வேற யாரு?" என்றேன். இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

மீசையைச் சஸ்பெண்டு பண்ணிவிட்டார்கள். விசாரணை முடியும் வரை. வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, "நான் அழுத்தல மேடம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். தப்புச் செய்யாதவன் கத்துவான் இல்லையா? நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

கொழுந்தன் இந்த வாரமும் சாப்பிட வரவில்லை. கல்யாணமாகாதவன், ஞாயிறு தவறாமல் மத்தியானச் சாப்பாடு இங்கேதான். மகள் கேட்டாள், "சித்தப்பாவுக்கு என்ன?" இவர், "வேலை இருக்காம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆலையே கிடையாது. நான் அங்கே வேலை பார்க்கிறவள் என்பதே மறந்துவிட்டதா இவருக்கு?

அக்டோபர் 20, திங்கள்

இவர் சரியில்லை.

போன் வந்தால் பால்கனிக்குப் போகிறார். நான் போனால் பேச்சு மாறுகிறது. இன்று சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். "அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சரி சார், ஃபிரேம் வந்ததும் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். ஃபிரேம் வாங்க வருகிறவரிடம் எனக்கு என்ன தெரிய வேண்டாம்?

புத்தி எங்கெங்கோ போகிறது. கடையில் புதிதாகக் கணக்கெழுத ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். சீ. கரடியிடம் தப்பித்து வந்தவள் யோசிக்கிற யோசனையா இது?

ஆனாலும் யோசிக்கிறேன்.

அக்டோபர் 22, புதன்

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் போனை எடுத்துப் பார்த்தேன். குளித்துக்கொண்டிருந்தார். பெண் யாருமில்லை. பதினான்கு நாளில் முப்பத்தோரு அழைப்பு, எல்லாம் அவர் தம்பிக்கு.

அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில் என்ன ஒளிவு மறைவு? பேசட்டும். ஆனால் என்னிடம் ஏன் ஃபிரேம் என்று சொல்ல வேண்டும்?

கிடங்குக்குள் போக இன்று முயற்சி பண்ணினேன். வாசல் வரை போய்விட்டேன். புளித்த கூழ் வாசனை மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. மாதிரி எடுக்க உதவியாளரை அனுப்பிவிட்டு, 'தலைவலி' என்று சொல்லிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன். அவள் எடுத்து வந்த மாதிரியை மூன்று தடவை சோதித்தேன். சரியான பீப்பாயிலிருந்துதான் எடுத்தாளா? இப்போது எனக்கு யாரையும் நம்ப முடியவில்லை, ஒரு குடுவை பழக்கூழைக் கூட.

அக்டோபர் 25, சனி

வனத்துறை அதிகாரி வந்தார், ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும், சேறு படிந்த பூட்ஸ், குறிப்புப் புத்தகத்தில் பொடி எழுத்து. அந்தக் கரடியைப் பிடித்துக்கொண்டு போவதா, விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டுமாம். "உங்களைத் தாக்குச்சா?" என்று கேட்டார்.

யோசித்தேன். "இல்ல. ஷட்டர் இறங்கற வரைக்கும் என்னைக் கண்டுக்கவே இல்ல" என்றேன். எழுதிக்கொண்டார்.

"சரியான நேரத்துக்கு வந்து பின்கதவைத் திறந்தீங்க. நன்றி சொல்லணும்னு இருந்தேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "நாங்களா? நாங்க வந்து சேர்ந்தப்ப கரடி போய் முக்கால் மணி நேரம் ஆயிருந்துச்சு. உங்க ஆளுங்கள்ல யாரோதான் திறந்திருக்காங்க. தாழ்ப்பாள் வளைஞ்சிருக்கே, பார்க்கலையா? வண்டியால நெம்பின மாதிரி இருக்கு."

வண்டியால. இந்த ஆலையில் நெம்புகிற வண்டி ஒன்றுதான் இருக்கிறது.

அப்படியானால் மீசை பின்பக்கம் இருந்திருக்கிறார். பின்பக்கம் இருந்தவர் முன்பக்கப் பொத்தானை எப்படி அழுத்துவார்? என்னை உள்ளே வைத்துச் சாத்தியவர் எதற்குத் தாழ்ப்பாளை நெம்பித் திறக்க வேண்டும்?

இன்னொன்று கேட்டேன். கேட்கும்போதே ஏன் கேட்கிறேன் என்று தெரிந்திருந்தது. "உங்களுக்கு முதல் போன் எப்ப வந்துச்சு? யார் பண்ணினாங்க?"

புத்தகத்தைப் புரட்டினார். "பத்து நாப்பத்தாறு. மேலாளர். அதுக்கு முன்னாடி எதுவும் வரல."

கொழுந்தன் போன் பண்ணவே இல்லை.

சாயங்காலம் மீசை வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, மாடிப்படிக்குக் கீழே. அவர் மனைவி கதவைத் திறந்தாள். "வாங்க. கரடியைப் பார்த்தவங்கதானே? உக்காருங்க. பயப்படாதீங்க, இங்க யாரும் கதவைச் சாத்த மாட்டோம்" என்றாள். கதவை அகலத் திறந்தும் வைத்தாள். செருப்பால் அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

மீசை வந்து உட்கார்ந்தார். பின்கதவைத் திறந்தது அவர்தானா என்று கேட்டேன். சொன்னார்: "சக்கை கொட்டப் போயிருந்தேன் மேடம். நீங்க சொன்னப்புறமும்தான். உள்ள அது மோதற சத்தம் கேட்டுச்சு, உங்க சத்தமும் கேட்டுச்சு. துருப்பிடிச்ச தாழ்ப்பாள், கையால வரல. வண்டியை விட்டு நெம்பினேன்."

"அந்த வண்டிக்குக் கதவு கூடக் கிடையாதே."

"அது என்னைப் பார்க்கல. பார்த்திருந்தா இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா, பின்னாடி உனக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. சக்கையாலதான் கரடி வந்துச்சுன்னு வேலையே போயிருக்கும். இப்ப சஸ்பெண்டோட நிக்குது."

மன்னிப்புக் கேட்டேனா? கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் மனைவி உள்ளே பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

மகளை அவள் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவரை உட்கார வைத்தேன்.

"ஷட்டரை இறக்கினது உங்க தம்பிதானே?"

மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்குச் சாயந்திரமே வந்துட்டான். கடைக்கு. அழுது, கால்ல விழுந்து..."

"யார் கால்ல?"

"என் கால்லதான்."

"கரடியோட இருந்தது நானு! உங்க கால்ல எதுக்கு விழுந்தான்?"

மறுபடியும் கண்ணாடியைத் துடைக்கப் போனார். பிடுங்கி மேசையில் வைத்தேன். "மீசை மேல எழுதினேனே, பக்கத்துல உக்காந்து படிச்சீங்களே. தப்புன்னு தெரியும். அவர் பண்ணலன்னு தெரியும். தெரிஞ்சுட்டே எழுத்துப்பிழை திருத்திக் குடுத்தீங்களே, எப்படி முடிஞ்சுது உங்களால?"

"தம்பியைக் காப்பாத்தறதா, உன்னைச் சமாதானப்படுத்தறதான்னு... நீ யார் மேலயாவது கோபப்பட்டுட்டா அடங்கிடும்னு நெனச்சேன்."

"அதுக்கு இன்னொருத்தன் சோத்துல கை வைக்கலாமா?"

தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷன்தான் இவர். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் பாதி நாளிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

மகள் அறையில் படுத்துக்கொள்ளப் போகிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

புகாரைத் திரும்ப வாங்கினேன். தன் அறையிலேயே சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். முடியாது என்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்று சொன்னேன்: "நான் தப்பான ஆள் பேரை எழுதிக் குடுத்தேன். பின்கதவைத் திறந்து என்னைக் காப்பாத்தினது அவர்தான்." அந்த நேரத்தில் அவர் பின்பக்கம் எதற்குப் போனார் என்று ஒருவர் கேட்டார். "அதை நான் கேக்கல. நீங்களும் கேக்க வேண்டாம்" என்றேன். அளவு தப்பினால் எழுதாமல் விடாதவள், இன்று ஒன்றை எழுதாமல் விட்டேன்.

"அப்ப அழுத்தினது யாரு?" என்று பாட்டில் கழுவுகிற பெண் கேட்டாள். ஓரத்தில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பினேன்.

அக்டோபர் 29, புதன்

அவனாகவே பரிசோதனைக் கூடத்துக்கு வந்தான். உதவியாளரை வெளியே அனுப்பினேன். "உக்காரு" என்றேன். உட்காரவில்லை. இந்த மூன்று வாரத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

நான் ஒன்றுதான் கேட்டேன். "நடுவுல நின்னுச்சே. அப்ப என் குரல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நான்னு தெரிஞ்சுதா?"

பொய் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சுது அண்ணி. அதான் கையை எடுத்தேன். அப்ப அது குனிஞ்சு மூஞ்சியை வெளிய நீட்டுச்சு. என் முழங்காலுக்குப் பக்கத்துல. மூச்சு பட்டுச்சு. அப்புறம் எனக்கு..." நிறுத்தினான். "மறுபடியும் அழுத்திட்டேன். இறங்கற வரைக்கும் அழுத்தினேன். இறங்கின அப்புறமும் அழுத்திட்டே இருந்தேன். யாரோ வந்து என் கையைப் பிடிச்சு எடுப்பாங்கன்னு பார்த்தேன். யாருமில்ல. அப்புறம் ஓடிட்டேன்."

"பதினொரு நிமிஷம் எங்க இருந்த?"

"கழிப்பறையில. தாழ்ப்பாள் போட்டுட்டு. காதைப் பொத்திக்கிட்டு."

எனக்கு எழுந்து அவனை அறைய வேண்டும் போல இருந்தது. கூடவே அந்த மூச்சு நினைவுக்கு வந்தது. சூடாக, புளிப்பாக, ஈரமாக. அது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அண்ணனை விட்டு என்கிட்ட மறைச்சியே, அதுக்குத்தான்டா எனக்கு ஆறவே மாட்டேங்குது" என்றேன். அழுதுவிட்டேன். அவன் முன்னால் அழக்கூடாது என்று இருந்தேன்.

"மேலாளர்கிட்ட நானே சொல்லிடறேன் அண்ணி."

"எனக்காகச் சொல்லாத. மீசைக்காகச் சொல்லு."

போய்ச் சொன்னான். வருகிற திங்கள் முதல் இரண்டு வாரச் சஸ்பெண்டு. மீசை நாளைக்கே வேலைக்கு வருகிறார்.

கோபம் போகவில்லை. சந்தேகம் போய்விட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது, பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில்தான் அது உறைத்தது.

நவம்பர் 4, செவ்வாய்

அந்த வனத்துறைப் பெண் போன் பண்ணினார். கரடியைப் பிடிக்கப் போவதில்லையாம். மலைக்கு மேல் போய்விட்டதாம். "நீங்க சொன்னதையும் எழுதியிருந்தேன்" என்றார். சக்கைக் குவியலை மொத்தமாக வாரிவிட்டார்கள். மீசையேதான் வாரினார், மூன்று நாள். என்னைக் கூப்பிட்டு, "வந்து டெஸ்ட் பண்ணிக்கங்க மேடம்" என்றார். சிரிக்கிறாரா, குத்துகிறாரா? இரண்டும் இருக்கும். இருக்கட்டும்.

அவர் மனைவி கடைத்தெருவில் என்னைப் பார்த்தாள். தலையை அசைத்துவிட்டு நடந்தாள்.

நவம்பர் 7, வெள்ளி

கிடங்குக்குள் போனேன். மூன்றாவது வரிசை வரை. உதவியாளர் கூட இருந்தாள், ஓயாமல் அவள் நாத்தனார் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். நான்கு மாதிரி எடுத்தேன். ஐந்தாவது முடியவில்லை. நான்கு போதும்.

நவம்பர் 11, செவ்வாய்

எங்கள் அறைக்குத் திரும்பிவிட்டேன். இவரிடம் ஒரே ஒரு நிபந்தனை. "என்கிட்டச் சொல்லக் கஷ்டமா இருக்கறதை முதல்ல என்கிட்டச் சொல்லணும்." தலையாட்டினார். ஐந்து நிமிடம் கழித்து, "அப்படின்னா ஒண்ணு சொல்லணும்" என்றார். படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். மகளுக்கு இந்தத் தடவையும் கணக்கில் மார்க் குறைவாம், கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

வெகுநாளைக்கப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு மகளைக் கூப்பிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கொழுந்தன் சாப்பிட வந்தான். நான்தான் கூப்பிடச் சொன்னேன். மகள் அவனை விடவில்லை, ஆறு வாரத்துக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். பரிமாறினேன். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ" என்று கேட்கவில்லை. வழக்கமாக மூன்று தடவை கேட்பேன்.

கை கழுவும்போது மெதுவாகச் சொன்னான். "வேற எடத்துல வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன் அண்ணி. சஸ்பெண்டு முடிஞ்சு நாளைக்கு ஆலைக்குத் திரும்ப வரணும். தினம் உங்களைப் பார்த்துட்டு..."

"போறதுன்னா போ. எனக்காகப் போறேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 17, திங்கள்

கொழுந்தன் வேலைக்கு வந்திருந்தான்.

பேரிக்காய் வரத்து ஆரம்பித்துவிட்டது, பதினாறு பீப்பாய். உதவியாளர் விடுப்பு. சரக்கு அறை ஜன்னலில் நின்று, "கிடங்குக்குப் போறேன். தனியாத்தான் போறேன். அரைமணி ஆகும்" என்று அவனிடம் சொன்னேன்.

"சரி அண்ணி" என்றான்.

போனேன். பதினாறும் எடுத்தேன். இனிப்பு நன்றாக இருக்கிறது.